விவாகரத்துக்குப் பிறகு பிள்ளையின் மருத்துவச் செலவு: பிரித்துக்கொள்வது எப்படி?

விவாகரத்துப் பேச்சுவார்த்தையில் பிள்ளை யாரிடம் இருப்பது, மாதாமாதம் எவ்வளவு பணம், வீடு யாருக்கு என்பதையெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். மருத்துவச் செலவு என்று வந்ததும், "இருவரும் பகிர்ந்துகொள்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பகிர்வது என்றால் சரிபாதியா, வருமானத்துக்கு ஏற்பவா? முதலில் கையிலிருந்து போடுவது யார்? பல்லுக்கு க்ளிப் போடுவது மருத்துவச் செலவா, அழகுக்கான செலவா? எதற்குமே அந்த வரியில் பதில் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேசித் தீர்க்கவும் முடியாது.

புதிதாகப் பிரிந்தவர்களுக்கும், பிரிவதற்கான பேச்சில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்கள் வழக்கில் எது செல்லும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எழும் கேள்விகள் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பில் வருவதற்கு முன்பே அவற்றுக்குப் பதில் எழுதி வைத்துவிட்டால், சண்டைக்கான காரணங்களில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

கடமை யாருடையது?

இருவருடையதும்தான். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு, பிள்ளை வளர்ப்பில் தாய், தந்தை இருவருக்கும் பொதுவான பொறுப்பு உண்டு என்கிறது. 24-ஆவது பிரிவு பிள்ளையின் உடல்நல உரிமையைப் பற்றியது. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் இதைத் தன் வழியில் சொல்கிறது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, இருப்பிடம், கல்வி ஆகியவற்றோடு மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் பராமரிப்புத் தொகை விதிகளும், பிள்ளையின் மருத்துவத் தேவையைப் பெற்றோர் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு, பணம் கட்டும் கடமை வேறு. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் ஆஸ்பத்திரி பில்லுக்குத் தர மாட்டேன்" என்பதும் செல்லாது. "பில்லுக்குத் தரவில்லை, அதனால் இந்த வாரம் அனுப்ப மாட்டேன்" என்பதும் செல்லாது. நீதிமன்றங்கள் பொதுவாக இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கின்றன. இதைக் கலந்துவிட்டவர்கள், நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் நீதிபதி முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டி வரும்.

முதல் படி: கையில் இருக்கும் ஆணையைப் படியுங்கள்

நீதிமன்ற ஆணை ஏற்கெனவே வந்திருந்தால் அதை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: மாதாமாதம் தரும் பராமரிப்புத் தொகைக்குள் மருத்துவச் செலவு அடங்குமா, அல்லது அதற்கு மேல் தனியாகப் பிரிப்பதா?

பல ஆணைகளில் சாதாரணச் செலவு மாதத் தொகைக்குள் போய்விடும். பெரிய செலவு, எதிர்பாராத செலவு தனியாகப் பிரிக்கப்படும். சாதாரணம் எது, பெரியது எது என்று ஆணையில் எல்லை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சளி மாத்திரைக்கும் கணக்கு வரும், அறுவைச் சிகிச்சைக்கும் "அது மாதப் பணத்திலேயே சேர்த்தி" என்று பதில் வரும். எளிய வழி: ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை பிள்ளை வசிக்கும் வீட்டார் பொறுப்பு, அதைத் தாண்டினால் பிரித்துக்கொள்வது என்று எழுதிக்கொள்ளலாம். தொகை எவ்வளவு என்பதை உங்கள் பிள்ளையின் கடந்த ஆண்டு மருத்துவ ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊகத்தில் எண் போடாதீர்கள்.

இரண்டாம் படி: எதெல்லாம் மருத்துவச் செலவு என்று பட்டியல் போடுங்கள்

இந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, தடுப்பூசி இவற்றில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சண்டை வருவது ஓரத்தில் நிற்கும் செலவுகளில்.

பல்லும் கண்ணும் முதலில் வரும். பல காப்பீட்டுத் திட்டங்களில் இவை இரண்டும் சேராது, அல்லது ஒரு பகுதிதான் சேரும். பல்லுக்கு க்ளிப் போடும் சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். பணமும் தவணையாகப் போகும். நடுவில் ஒருவர் பின்வாங்கினால் சிகிச்சை அந்தரத்தில் நிற்கும். ஆகவே தொடங்கும்போதே மொத்தச் செலவும் தவணையும் இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும். கண்ணாடியில் கேள்வி வேறு: பிள்ளை உடைத்துவிட்டால் மாற்றுக் கண்ணாடிக்கு யார் பொறுப்பு? உடைந்தபோது யார் வீட்டில் இருந்தது என்று விசாரணை நடத்தாமல், எத்தனை உடைந்தாலும் மற்றச் செலவுகளைப் பிரிக்கும் விகிதத்திலேயே இருவரும் பகிர்வது என்று முடித்துக்கொள்வது நல்லது.

அப்புறம் மனநல ஆலோசனை. பெற்றோர் பிரியும் காலத்தில் பிள்ளைக்கு இது தேவைப்படலாம் என்பதால் பட்டியலில் பெயர் சொல்லியே எழுதுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் சொல்லி நிறுத்திவிடும்படி விடாதீர்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை, கற்றல் குறைபாட்டுக்கான பயிற்சி ஆகியவையும் அப்படித்தான். இவை மருத்துவமா கல்வியா என்று இழுபறி வரும். எந்தப் பெயரில் வைத்தாலும் விகிதம் ஒன்றே என்று எழுதிவிட்டால் இழுபறிக்கு வேலையே இல்லை.

நீண்டகால நோய் உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும், பள்ளியிலும் ஒன்று. மருந்தை வாயில் வைத்துக் கொடுப்பதற்கான ஸ்பேசர் குழாயும் அதே கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை பையில் போட மறந்துவிட்டார்கள் என்பதற்காகப் பிள்ளை இரவெல்லாம் மூச்சுக்குத் திணறக் கூடாது. எனவே செலவுப் பட்டியலில் "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகுப்பு" என்று எழுதுங்கள். நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, அதற்கான பட்டைகள்; ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவசர ஊசி. காலாவதித் தேதி பார்த்து மாற்றுவது யார் வேலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் போக்குவரத்து, வெளியூர் சிகிச்சைக்குத் தங்கும் செலவு, லீவு போட்டு இழந்த சம்பளம் இவற்றில் முதல் இரண்டைச் சேர்க்கலாம். மூன்றாவதைச் சேர்ப்பது கடினம், நிரூபிப்பதும் கடினம். அதைக் கேட்டு மற்றவற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: விகிதம்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சரிபாதி. இன்னொன்று வருமானத்துக்கு ஏற்பப் பிரிப்பது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 2024 செப்டம்பருக்கு முன்புவரை, தனியாகக் கோராதவரை சரிபாதி என்பதே சட்டத்தின் தொடக்கநிலையாக இருந்தது. இப்போது வருமான விகிதத்தில் பிரிப்பதே அங்கே தொடக்கநிலை. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் பராமரிப்புத் தொகைக்கான வழிமுறைகளை வகுத்தபோது, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. பிள்ளைகளுக்கான செலவில் மருத்துவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். ஒருவரின் மாத வருமானம் 60,000, மற்றவருடையது 40,000. மொத்தம் ஒரு லட்சம். விகிதம் 60-க்கு 40. ஆஸ்பத்திரி பில் 50,000. காப்பீடு 35,000 கொடுத்துவிட்டது. பிரிக்க வேண்டியது மிச்சமுள்ள 15,000 மட்டுமே. முதலாமவர் பங்கு 9,000, இரண்டாமவர் பங்கு 6,000. காப்பீடு போக மிச்சத்தைத்தான் பிரிக்க வேண்டும் என்பதை ஆணையில் தெளிவாகச் சொல்லுங்கள். சிலர் முழு பில்லையும் காட்டிப் பாதி கேட்டு, காப்பீட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்வதுண்டு.

சம்பளம் ஏறும் இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட மாதத்தில், இருவரும் வருமானச் சான்றைப் பரிமாறிக்கொண்டு விகிதத்தைத் திருத்துவது என்று முன்கூட்டியே சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படி ஏற வேண்டாம். இப்படித் தாங்களாகத் திருத்திக்கொள்வதை உங்கள் ஊர் நீதிமன்றம் ஏற்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வித்தியாசம் அதிகமாக இருக்கும் இடத்தில் சரிபாதி நியாயமாகத் தெரியும், ஆனால் நியாயமில்லை. குறைந்த சம்பளக்காரர் பில்லுக்குப் பயந்து மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுவார். அந்தத் தள்ளிப்போடலின் விலையைக் கொடுப்பது பிள்ளை.

நான்காம் படி: காப்பீடு யார் பெயரில்?

பொதுவாக, யாருடைய வேலையிடத்தில் நல்ல காப்பீடு நியாயமான செலவில் கிடைக்கிறதோ அவர் பாலிசியில் பிள்ளையைச் சேர்ப்பார்கள். பிள்ளைக்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தையும் செலவாகக் கணக்கிட்டுப் பிரிப்பதுதான் முறை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியவை சில உண்டு. பாலிசி யார் பெயரில் இருந்தாலும் அட்டையின் நகல், பாலிசி எண், எந்தெந்த ஆஸ்பத்திரியில் பணமில்லாச் சிகிச்சை (காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கிடைக்கும் என்ற பட்டியல் எல்லாம் இருவரிடமும் இருக்க வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் நின்றுகொண்டு முன்னாள் கணவருக்கோ மனைவிக்கோ போன் போட்டு எண் கேட்கும் நிலை வேண்டாம். வேலை மாறினாலோ போனாலோ, பாலிசி காலாவதியானாலோ, இத்தனை நாளுக்குள் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். காப்பீடு நின்றுபோனது தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பதைவிட மோசமான நிலை இந்த விஷயத்தில் வேறில்லை. தெரிவிக்காதவரே அந்த முழு பில்லையும் ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம்.

இன்னொன்று, க்ளெய்ம் பணம். முதலில் கட்டியது தாயாக இருக்கும்; பாலிசி தந்தை பெயரில் இருக்கும்; காப்பீட்டு நிறுவனம் பணத்தை அவர் கணக்கில் போடும். அது அவர் பணமாகிவிடாது. வந்த சில நாட்களுக்குள் கட்டியவருக்கு அனுப்ப வேண்டும் என்ற வரி ஆணையில் இருக்கட்டும்.

இருவர் பாலிசியிலும் பிள்ளை இருக்கலாம். அப்போது எது முதலில் கொடுக்கும் என்ற கேள்வி வரும். அமெரிக்காவில் இதற்கு வரிசை உண்டு. பெற்றோர் சேர்ந்து வாழ்ந்தால், ஆண்டில் யார் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவர் பாலிசி முதலில். வயது கணக்கில் இல்லை, மாதமும் தேதியும்தான். பிரிந்தவர்களுக்கு, நீதிமன்ற ஆணை யாரைப் பிள்ளையின் மருத்துவத்துக்குப் பொறுப்பாளர் என்கிறதோ அவர் பாலிசி முதலில். ஆணை எதுவும் சொல்லாவிட்டால் பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவருடையது. பிள்ளை வளர்ப்பு இருவரின் கூட்டுப் பொறுப்பு என்று மட்டும் சொல்லி, மருத்துவம் யார் கையில் என்று ஆணை சொல்லவில்லை என்றால் பழையபடி பிறந்தநாள் விதிதான். ஆணையில் ஒரு வாக்கியம் விடுபட்டால் க்ளெய்ம் வரிசையே மாறிவிடுகிறது, பாருங்கள்.

ஐந்தாம் படி: சிகிச்சைக்கு யார் சம்மதம்?

அவசரத்துக்கு யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கக் கூடாது. பிள்ளை யார் வசம் இருக்கிறதோ அவர் உடனே கொண்டுபோக வேண்டும். முடிந்தவரை சீக்கிரம் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். அதன் செலவும் வழக்கமான விகிதத்தில்தான்.

திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை வேறு. மருத்துவரின் பரிந்துரையையும் செலவு மதிப்பீட்டையும் எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நாள் குறிப்பிடுங்கள். அந்த நாளுக்குள் பதிலே வராவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும் என்று ஆணையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பு வந்தால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது, அப்படியும் உடன்பாடு இல்லையென்றால் பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் சொல்வதை ஏற்பது என்று ஒரு வழி வைத்துக்கொண்டால் முட்டுச்சந்தில் நிற்க வேண்டாம். மற்றவரைக் கேட்காமல் அதிக விலையுள்ள, காப்பீட்டுக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரியை ஒருவர் தேர்ந்தெடுத்தால் அந்தக் கூடுதல் தொகை அவருடையது என்பதும் நியாயமான நிபந்தனைதான்.

ஆறாம் படி: பில் வந்தபின் செய்ய வேண்டியது

பலருக்குத் தெரியாத ஒன்று: நீதிமன்ற ஆணை உங்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும், ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்தாது. சேர்க்கைப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவரிடம்தான் அவர்கள் முழுப் பணமும் கேட்பார்கள். "60 சதவீதம் அவர் தருவார்" என்று கவுன்ட்டரில் சொல்லிப் பயனில்லை. கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவதுதான் நடைமுறை. ஆகவே திரும்ப வாங்கும் வழி சுருக்கமாக இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாச் சட்டத்தில் செலவு ஏற்பட்ட 30 நாட்களுக்குள் விவரப் பட்டியலை அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும், பில்லை அனுப்ப 30 நாள், அது கிடைத்ததும் பணம் தர 30 நாள் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதப் பில்களைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் நீட்டினால் யாருக்கும் கோபம்தான் வரும். சில இடங்களில் கேட்கும் உரிமையே போய்விடும்.

செய்தி இப்படி இருந்தால் போதும்: "12-ஆம் தேதி பிள்ளையைக் காது மருத்துவரிடம் காட்டினேன். மருத்துவர் கட்டணம் 800, மருந்து 450, மொத்தம் 1,250. காப்பீட்டில் எதுவும் வராது. உங்கள் 60 சதவீதப் பங்கு 750. ரசீதும் மருந்துச் சீட்டும் இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் 15-க்குள் அனுப்பவும்." அவ்வளவுதான். பழைய கதை, குத்தல், "உங்களுக்கு அக்கறை இருந்தால்" என்ற வார்த்தை எதுவும் வேண்டாம். இந்தச் செய்தி ஒருநாள் நீதிபதியின் மேசைக்குப் போகலாம் என்று நினைத்தே எழுதுங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் எந்தப் பில்லுக்கு என்று போடுங்கள். இருவரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்குத் தாளில் தேதி, சிகிச்சை, மொத்தம், காப்பீடு கொடுத்தது, மிச்சம், யார் பங்கு எவ்வளவு, கட்டிய தேதி என்று வரிசையாக ஏற்றி வாருங்கள். ரசீது, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். வெப்ப அச்சுத்தாளில் வரும் ரசீது சில மாதத்தில் மங்கிப்போகும்.

பிள்ளை கையில் பில்லைக் கொடுத்து அனுப்பாதீர்கள். "அப்பாகிட்ட கேளு", "அம்மாகிட்ட சொல்லு" என்று பேரம் பேச வைக்காதீர்கள். தனக்கு உடம்பு முடியாமல் போனால் இரண்டு வீட்டிலும் சண்டை வருகிறது என்று கண்டுகொண்ட பிள்ளை, வலியை மறைக்கத் தொடங்கிவிடும்.

பணம் வராவிட்டால்

முதலில் ஒரு நினைவூட்டல், எழுத்தில். அதற்கும் பதிலில்லை என்றால் சமரச மையத்தில் பேசிப் பார்க்கலாம். நீதிமன்றத்தைவிட வேகம், செலவும் குறைவு. அதுவும் நடக்கவில்லை என்றால் ஆணையை நிறைவேற்றக் கோரி மனுப் போடுவதுதான் வழி. சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யச் சொல்லும் அதிகாரம் பல நாடுகளில் நீதிமன்றத்துக்கு உண்டு. நீங்கள் போட்டு வைத்த கணக்குத் தாள் அப்போதுதான் உதவிக்கு வரும்.

செய்யக் கூடாதவை இரண்டு. மாதப் பராமரிப்புத் தொகையிலிருந்து நீங்களாகவே கழித்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றம் அதைப் பாக்கியாகவே பார்க்கும். எக்காரணம் கொண்டும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

கட்ட முடியாத நிலையில் இருப்பது நீங்கள் என்றால், வாயை மூடிக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே சொல்லுங்கள். தவணையில் தருகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். வருமானம் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் ஆணையை மாற்றக் கோரி மனுப் போடுங்கள். மாற்றம் பெரும்பாலும் மனுப் போட்ட நாளுக்குப் பிந்தைய தொகைக்குத்தான் பொருந்தும். அதற்கு முன் சேர்ந்த பாக்கி அப்படியே நிற்கும். அதனால் தாமதம் உங்களுக்குத்தான் நஷ்டம்.

எந்த வயதுவரை?

பல நாடுகளில் பராமரிப்புக் கடமை 18 வயதோடு முடியும். படிப்புத் தொடர்ந்தால் சில இடங்களில் நீளும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு வயது வரம்பைத் தாண்டியும் கடமை தொடரலாம். காப்பீட்டின் வயது வரம்பு வேறு கணக்கு. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் சட்டப்படி 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் பிள்ளை இருக்கலாம். பராமரிப்பு ஆணையோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிந்திருக்கும். அந்த இடைவெளியில் பிரீமியம் யார் கட்டுவது என்பதை இப்போதே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பிள்ளைக்கு 18 ஆகும்போது மருத்துவ முடிவுகள் அதன் கைக்குப் போகும். அதற்கு முன்பாகத் தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை விவரம், பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், ரத்த வகை, இரண்டு குடும்பத்திலும் உள்ள பரம்பரை நோய்கள் இவற்றை ஒரே கோப்பாகச் சேர்த்துக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை அம்மா பக்கத்துக்கு அம்மாவும், அப்பா பக்கத்துக்கு அப்பாவும் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.